கிரீஸ் வீட்டில் கடைசி ஆள்

"அப்ப கடைசி ஆளு யாருன்னுதான கேக்குறேன்?" என்று எலியேசர் மறுபடியும் கேட்டார்.

கேட்டதில் தப்பே இல்லை. பூன்டா சலீனா என்கிற இந்தக் கடலோர ஊரில் எங்கே போனாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். ரொட்டிக்கடையோ மருந்துக்கடையோ பல் பிடுங்குகிற இடமோ, உள்ளே நுழைந்ததும் பொதுவாகக் காற்றைப் பார்த்து "கடைசி யாரு?" என்று கேட்பார்கள். எங்கிருந்தாவது ஒரு விரல் உயரும். அந்த விரலுக்குப் பின்னால் உங்கள் இடம். அதன் பிறகு நிழலில் படுத்துக்கொள்ளலாம், காபி குடிக்கப் போகலாம், பக்கத்துத் தெருவில் இன்னொரு வரிசையிலும் சேர்ந்துகொள்ளலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு விரலைக் காட்டிவிட்டால் போதும். யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். ஆனாலும் வரிசை இருக்கும், கல்லு மாதிரி இருக்கும்.

இன்றைக்கு ஒரு விரலும் உயரவில்லை. கிரீஸ் வீட்டு முற்றத்துப் பாதாம் மரத்தடியில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டைகளையே உற்றுப் பார்த்தார்கள். அட்டையால் விசிறிக்கொண்டிருந்த எமெலினாதான் கடைசியில் இரக்கப்பட்டாள். ஊரில் பன்றிக் கொழுப்பு விற்கிறவள்; எல்லோர் வீட்டுச் சமாசாரமும் தெரிந்தவள்.

"கடைசி ஆளு ரிகோங்க. முடிவெட்டுவாரே, அவரு. எனக்கு அடுத்து அவருதான்."

"சரி, ரிகோ எங்க?"

"மியாமில."

"அப்படின்னா நீங்கதான கடைசி?"

"நான் எப்படிங்க கடைசியாவேன்? எனக்குப் பின்னாடிதான் ரிகோ இருக்காரே."

ரிகோ போன நாளிலிருந்து யாரும் வரிசையில் சேர முடியாமல் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் முழுப் பெயர் 'உப்புக்காற்று, உராய்வு மற்றும் துரு ஒழிப்பு நிலையம்'. ஊர்க்காரர்களுக்கு அது கிரீஸ் வீடு. ஊரில் சைக்கிள் இல்லாத ஆள் இல்லை, கடல் இல்லாத பக்கமும் இல்லை. ராத்திரி துடைத்து வைத்த செயின் காலையில் செம்மண் நிறத்தில் சிரிக்கும். அதற்காக நட்பு நாடு ஒன்று ஒரு நீல டிரம் நிறைய முதல்தர கிரீஸை அன்பளிப்பாக அனுப்பி வைத்தது. அந்த டிரம்மைக் காப்பாற்றத்தான் நிலையமே கட்டினார்கள். முன்கூடத்தில், கடலைப் பார்த்த வாசலுக்கு நேராக, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். மூடி மேல் ஒரு பூச்சாடி. நிலையத்து ஊழியர் ஒருத்தி தினமும் வந்து பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். பாதி பூவுக்கு, மீதி மூடிக்கு. சுவரில் பெரிய எழுத்தில்: 'துருவுக்கு ஒரு செயின் கண்ணியும் விட்டுக்கொடோம்'.

எலியேசருக்கு வேண்டியது ஒரு உள்ளங்கை கிரீஸ். அவர் மனைவி நியூர்க்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் உப்பளத்தைத் தாண்டி மாகாண ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பஸ் டீசல் இல்லாமல் நின்று போய் வெகுகாலம். ஆகவே நியூர்க்கா பின்னால் கேரியரில், எலியேசர் முன்னால் பெடலில். அந்தப் பழைய சீனத்துச் சைக்கிள் நின்றால் நியூர்க்கா நின்றுவிடுவாள். இதை டாக்டர் நாசூக்காகச் சொன்னார். நியூர்க்கா நாசூக்கில்லாமல் சொன்னாள்.

"யோவ் கிழவா, எனக்கு ரெண்டு கிட்னி இருந்துச்சு, ரெண்டும் போச்சு. மூணாவது உன் சைக்கிளு. அதையாவது ஒழுங்காப் பாத்துக்க."

அவரும் சும்மா இருக்கவில்லை. எமெலினாவிடம் வாங்கிய பன்றிக் கொழுப்பைச் செயினில் தடவினார். சத்தம் உடனே நின்றது. ஆனால் உப்பளச் சாலையில் ஊர் நாய்கள் மொத்தமும் பின்னாலேயே வந்தன. நியூர்க்கா கைப்பையைச் சுழற்றிச் சுழற்றி ஆஸ்பத்திரி வரைக்கும் நாய் விரட்டினாள். அடுத்து தேங்காய் எண்ணெய் போட்டார்; எறும்பு வந்தது. சமையல் எண்ணெய் போட்டார். மணல் வந்து ஒட்டி, செயின் அரைக்கிற கல்லாக மாறியது. மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். அது நல்ல மருந்துதான், கரண்ட் போன வீட்டில் மெழுகுவர்த்தி மிஞ்சினால். கடைசியில் எதுவும் போடாமல் ஓட்டினார். அந்தக் கீச்சுச் சத்தம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். சத்தம் கேட்டதும் நர்ஸ் எழுந்துபோய்க் கட்டிலைத் தயார் பண்ணுவாள்.

பின்சக்கரத்து பேரிங் குண்டுகள் நொறுங்குகிற ஓசை வந்த அன்றைக்குத்தான் அவர் கிரீஸ் வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் கடைசி ஆள் மியாமியில்.

காவல்காரன் அவரை இயக்குநரிடம் கூட்டிப்போனான். டாக்டர் என்ஜினியர் ஹெரிபெர்த்தோ அல்மாகெர் நல்ல மனிதர். யாரையும் உட்காரச் சொல்வார், ஒரு மடக்குக் காபி கொடுப்பார், குறையை முழுக்கக் கேட்பார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சைக்கிள் தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்டு, நாடா கட்டி, போக்ஸ் கம்பி ஒவ்வொன்றும் பளபளவென்று.

எலியேசரின் கண் அதிலேயே இருப்பதைப் பார்த்து இயக்குநர் பூரித்துப் போனார். நிலையத்தின் நேரடிப் பராமரிப்பில் இருக்கிற சைக்கிள் அது என்றும், இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளி துரு கிடையாது என்றும் சொன்னார். அதை யார் ஓட்டுகிறார்கள் என்று எலியேசர் மரியாதையாக விசாரித்தார்.

"ஓட்டினா எப்படித் தோழரே காப்பாத்துறது?" என்றார் இயக்குநர்.

வரிசைப் பிரச்சினையையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை. கடைசி என்பது ஒருவரின் சொந்த இடம், அதை எடுத்துக்கொள்ள நிலையத்துக்கு அதிகாரம் இல்லை, அவராகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு என்று விளக்கினார். ஆகவே ரிகோவைக் கூப்பிடலாம் என்று முடிவானது. மொத்த வரிசையும் கூடத்துக்குள் வந்தது. எமெலினாவின் மகளுடைய போனை டிரம்மின் மேல் பூச்சாடிக்குச் சாய்த்து வைத்தார்கள். நெட் கிடைக்கிற வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ரிகோ திரையில் வந்தார். கார்களுக்கு ஆயில் மாற்றுகிற கடையில் வேலையாம். சட்டை முழுக்க எண்ணெய். அவருக்குப் பின்னால் டிரம் மேல் டிரம்மாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. வரிசை அதைப் பார்த்தது. அவர் பின்பக்கம் காட்டி, இது பழைய ஆயில், இதை எடுத்துப்போய்க் கொட்டுவதற்கே இங்கே காசு வாங்குகிறார்கள் என்று சொன்னபோது எமெலினா மட்டும் நாற்காலி தேடி உட்கார்ந்தாள்.

இடத்தைக் கேட்டதும் ரிகோ முகம் மாறியது.

"தர முடியாதுங்க."

"நீங்கதான் அங்க போயிட்டீங்களே" என்றார் எலியேசர்.

"போனது நெசம்தான். வீட்டைக் குடுத்துட்டேன். கத்திரி, நாற்காலி, கண்ணாடி எல்லாத்தையும் குடுத்துட்டேன். என் சைக்கிளை மச்சான் எடுத்துக்கிட்டான். ஊர்ல இப்ப என் பேர்ல இருக்கறது அந்தக் கடைசி எடம் ஒண்ணுதான். அதையும் கேட்டா எப்படி?"

கூடத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காவல்காரன்தான். இயக்குநர் முன்னால் வந்து, தூரதேசத்திலும் நிலையத்தின் வரிசையை மறக்காத தோழர் ரிகோவின் விசுவாசத்தைப் பாராட்டிக் கொஞ்ச நேரம் பேசினார். பேச்சுக்கு நடுவில் நெட் போனது. மறுபடி வந்தபோது எலியேசர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, நியூர்க்காவைப் பற்றி, கேரியரைப் பற்றி, நொறுங்குகிற குண்டுகளைப் பற்றி மெதுவாகச் சொன்னார். ரிகோ அந்தப் பக்கம் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி, எடுத்துக்கங்க. எடுத்துக்கங்க அண்ணே. ஆனா வரிசை நகந்துச்சுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

இப்படித்தான் எலியேசர் கடைசி ஆளானார். மரத்தடியில் எல்லோரும் கைகொடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது நியூர்க்கா, நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூட உன் மூஞ்சில இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கலையே என்றாள்.

அடுத்தது பரிசோதனை. நிலையத்தில் உபால்டோ என்று ஒரு காது நிபுணர். டாக்டர்கள் வைத்திருக்கிற ஸ்டெதஸ்கோப்பைச் செயினில் வைத்து, பெடலை மெல்லச் சுற்றி, கண்ணை மூடிக் கேட்பார். எலியேசரின் சைக்கிளைக் கேட்டதும் அவர் நெற்றி சுருங்கியது. குனிந்து மோந்தும் பார்த்தார்.

"பன்னி" என்றார். கொஞ்சம் விட்டு, "எமெலினாகிட்ட வாங்கினது."

செயினில் அங்கீகாரம் இல்லாத வழவழப்பு கலந்திருக்கிறது, அதை முழுக்க நீக்காமல் அன்பளிப்பு கிரீஸைத் தொடவிடக் கூடாது என்பது விதி. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவரட்டுமா என்று எலியேசர் கேட்டார். உபால்டோ அவரைப் பாவமாகப் பார்த்தார். மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்தானே. தண்ணீரில்தான் கழுவ வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதில்லை என்பதால் நிலையம் சொந்தமாக ஒரு மோட்டார் வைத்து கடலிலிருந்து நேராகத் தொட்டிக்கு இறைத்துக்கொண்டிருந்தது. இந்த ஏற்பாட்டை இயக்குநரே வந்து காட்டினார். ஊரில் எது தீர்ந்தாலும் இந்தத் தண்ணீர் தீராது என்றார். சைக்கிளைத் தொட்டியில் முழுதாக அமுக்கி ஊறவைத்தார்கள். பிறகு கடலோரத்து அலைத்தடுப்புச் சுவர் மேல் ஏற்றிக் காயவைத்தார்கள், காற்று நன்றாகப் படுகிற இடம் என்பதால்.

சைக்கிள் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் எலியேசரும் நியூர்க்காவும் நடந்தார்கள். ஒருநாள் கரி ஏற்றிய குதிரைவண்டி கிடைத்தது. ஒருநாள் எதுவும் கிடைக்கவில்லை. உப்பளத்து வெயிலில் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது கட்டிலை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். மீதி இருந்த நேரத்துக்கு மட்டும் மெஷினில் போட்டு அனுப்பினார்கள். நியூர்க்காவின் கால் இரண்டும் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தன.

"கீச்சுச் சத்தம் வரலையா, நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டாளாம் அந்த நர்சு" என்றாள் நியூர்க்கா. "என்னைப் பார்த்ததும் ஒரே அழுகை. செத்தவளுக்குக் கட்டில் கேக்கறதுக்கு எனக்கே கூச்சமா இருந்துச்சு."

எலியேசர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார்.

சைக்கிள் திரும்பி வந்தபோது அதில் பன்றியின் வாசனை துளியும் இல்லை. மட்கார்டில் விரலை வைத்தால் விரல் அந்தப் பக்கம் வந்தது. செயினைக் கழற்றிக் கையில் பிடித்தால் தொங்கவில்லை, கம்பி மாதிரி நேராக நின்றது. உபால்டோ ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். பெடல் சுற்றவில்லை, ஆகவே சத்தமும் இல்லை. அவர் நிமிர்ந்து, இவ்வளவு அமைதியான செயினை இதுவரை கேட்டதில்லை என்று சொல்லி, கிரீஸ் பெறத் தகுதி உண்டு என்று அறிவித்தார்.

இதற்கு நடுவில் ரிகோ வாரம் தவறாமல் போன் பண்ணி, வரிசை நகர்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நகரவில்லை என்று கேட்டால் ஏனோ அவருக்கு நிம்மதி. ஒருமுறை ஊருக்கு வந்த தன் ஒன்றுவிட்ட தங்கையிடம் நல்ல செயின் ஆயில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார். அவளுக்கு எலியேசர் வீடு தெரியாது. எப்படியும் வரிசையில்தான் இருப்பார் என்று கிரீஸ் வீட்டுக்கே கொண்டுவந்தாள். காவல்காரன் வாசலிலேயே பணிவாக வாங்கிக்கொண்டான். வெளிநாட்டு எண்ணெய் எதுவாக இருந்தாலும் முதலில் பொது டிரம்மில் சேர வேண்டும், பிறகு எல்லோருக்கும் சமமாகப் பிரியும் என்று இயக்குநர் எலியேசருக்கு விளக்கினார். டிரம் திறக்கிற நாள் வரை பாட்டிலைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எலியேசர் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். பார்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

டிரம் திறக்கிற அந்த நாளும் வந்தது. கூடத்தில் தோரணம் கட்டி, கொய்யாப்பழ மிட்டாய் தட்டில் வைத்து, பள்ளிக்கூடத்து வாத்திய கோஷ்டியைக் கூட்டிவந்திருந்தார்கள். இயக்குநர் டிரம்மின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசினார்.

"தோழர்களே, இந்த நிலையம் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எத்தனை சைக்கிள் துருப்பிடிச்சிருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கு ஒவ்வொண்ணையும் எங்களுக்குத் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிடுவோம். இதே மாதிரி டிரம் மத்த ஊருங்களுக்கும் வந்துச்சு. அவங்க என்ன பண்ணாங்க? வந்த அன்னிக்கே தொறந்து பூசிட்டாங்க. இன்னிக்குப் போய்க் கேளுங்க, அவங்ககிட்ட ஒரு சொட்டு இல்ல. நம்மகிட்ட ஒரு சொட்டு கொறயல. சில பேரு கேக்குறாங்க, துருவை எப்ப ஒழிப்பீங்கன்னு. அவசரப்படாதீங்க. துரு ஒழிஞ்சா உபால்டோ எங்க போவாரு? நான் எங்க போவேன்? துரு நம்ம எதிரிதான். ஆனா இத்தனை வருஷமா நமக்குச் சோறு போடுற எதிரி."

எல்லோரும் கைதட்டினார்கள். எலியேசரும் தட்டினார். எதற்கு என்று பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டார்.

பூச்சாடியை எடுத்தார்கள். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பழுப்புப் புண். மூடியின் திருகு எது, தகரம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பெரிய ஸ்பேனர் போட்டுத் திருப்பினார்கள், ஸ்பேனர் உடைந்தது. இரண்டு மீனவர்கள் சேர்ந்து திருப்பினார்கள், டிரம்மே சுற்றியது. உபால்டோ ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மூடி இறுகிப்போச்சு. கொஞ்சம் கிரீஸ் போட்டா தெறந்துரும்."

கூடமே டிரம்மைப் பார்த்தது.

எலியேசருக்கு உயிர் வந்தது. பாட்டிலைக் காட்டினார். இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். பாட்டில் எண்ணெய் டிரம்முக்குச் சொந்தம், டிரம்முக்குள் போகாமல் அது வெளியே வர முடியாது. எமெலினா தன் பங்குக்குக் கொழுப்பைச் சொன்னாள். நட்பு நாட்டின் முகத்தில் பன்றியைப் பூசுவதா என்று கேட்டு அவளை உட்காரவைத்தார்கள். உளி வைத்து ஒரு ஓட்டை போட்டால் என்ன என்று ஒரு மீனவர் கேட்டார். வாத்திய கோஷ்டி உட்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவருக்காக வெட்கப்பட்டு.

முடிவை இயக்குநர் நின்றுகொண்டே சொன்னார். டிரம்முக்கும் கிரீஸ் தேவை. தேவை இருப்பவர் எல்லோரும் வரிசையில் வரவேண்டும். நிலையத்தின் சொத்து என்பதற்காக அதை முன்னால் நிறுத்துகிற அநியாயத்தை அவர் செய்யமாட்டார். டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, அதன் சார்பில் அவரே கேட்டார்.

"கடைசி யாரு?"

எலியேசரின் விரல் தானாக உயர்ந்தது. பிறந்ததிலிருந்து உயர்கிற விரல்.

இப்போது வரிசையில் எலியேசருக்குப் பின்னால் டிரம். முன்னால் இருக்கிற எல்லோருக்கும் டிரம்மிலிருந்து கிரீஸ் கொடுத்த பிறகு டிரம்மின் முறை வரும், அப்போது அதைத் திறப்பார்கள். இதில் ஒரே ஒரு சிக்கலைத்தான் இயக்குநர் கண்டார்: டிரம்முக்கு விரல் இல்லை. புதிதாக யாராவது வந்து கேட்டால் யார் காட்டுவது? ஆகவே டிரம்மின் முறை வருகிற வரை, பின்னால் எத்தனை பேர் சேர்ந்தாலும், டிரம்முக்கு முன்னால் இருப்பவர் அதன் விரலாக இங்கேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. அவர் நகர்ந்தால் வரிசை மறுபடி அறுந்துவிடும், எமெலினாவிலிருந்து எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரிகோவுக்குத் தகவல் சொன்னபோது, என் இடம் நல்ல ஆள் கையில் இருக்கிறது என்று தழுதழுத்தார்.

வியாழக்கிழமை காலை. எலியேசர் பாதாம் மரத்தடியில் டிரம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நியூர்க்கா வந்து நிற்கிறாள், கையில் ஆஸ்பத்திரிப் பை, காலில் எலியேசரின் பழைய செருப்பு, அவளுடையதில் அந்த வீங்கிய கால் இனி நுழையாது. செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். கேரியரில் உட்கார்ந்துகொள்கிறேன், தள்ளிக்கொண்டே போ, இப்போது கிளம்பினால் கட்டில் கிடைக்கும் என்கிறாள். கிண்டல் எதுவும் சொல்லவில்லை.

"வாய்யா" என்கிறாள். "போலாம்."

அவர் எழுந்திருக்கிறார். அதே நேரத்தில் ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு, கீச்சு கீச்சென்று ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்குள் வருகிறாள். செயின் அப்படியொன்றும் மோசமில்லை. யாராவது ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மரத்தடியைப் பார்த்துக் கேட்கிறாள்.

"கடைசி யாருங்க?"

எமெலினா எலியேசரைப் பார்க்கிறாள். டோமினோ ஆட்டம் நிற்கிறது. நியூர்க்கா ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். எலியேசரின் கை பாதி உயர்ந்து, விரல் இன்னும் நீளாமல், அப்படியே நிற்கிறது. நீட்டினால் அந்தப் பெண்ணும் இந்த வரிசைக்குள் வந்துவிடுவாள், டிரம்முக்குப் பின்னால், அவரும் இங்கேயே. நீட்டாவிட்டால் வரிசையே இருக்காது, இத்தனை நாள் காத்திருந்த யாருக்கும்.

நீங்களே சொல்லுங்கள், அந்த விரலை அவர் நீட்டலாமா, வேண்டாமா?